ஓட்டைத் தட்டுக்கு ஒரு கும்பிடு போடுடா பேராண்டி

பெங்களூருலருந்து நீ கொண்டாந்த காபி மெஷினப் பத்தி ஊருல கேக்காத ஆள் இல்லடா பேராண்டி. இத்தாலிக்காரன் செஞ்சதாம், கரண்டு தண்ணியக் கொதிக்க மட்டும் வைக்குமாம், மிச்ச வேலையெல்லாம் கோலப் புடிச்சிக் கையால அழுத்தணுமாம், அதுக்கு மோட்டார் சைக்கிள் வெலையாம். நைனார்பாளையத்துல சேதிக்கு ரெக்க மொளைக்க எவ்ளோ நேரம்? டீக்கடையில கேட்டவனுக்கெல்லாம் ஒரே பதிலத்தான் சொல்றன். ஊருல எல்லாரும் காசு குடுத்து ஆள வச்சி வேலை வாங்குவானுவ, எங்க பேரன் காசு குடுத்து வேலையவே வெலைக்கு வாங்கியாந்துட்டான்.

கோவிச்சிக்காத. பெருமையாத்தான் சொன்னன்.

அந்த மெஷினோட புராணம் எனக்கே மனப்பாடம் ஆயிப்போச்சி. தூளு எத்தன கிராம், கீழ எறங்கற காபி எத்தன கிராம், எத்தன நொடி, தூளக் கிளர்றதுக்கு ஒரு ஊசி, அமுக்கறதுக்கு ஒரு தேக்குக் கட்டை. நீ வச்சிருக்கிற தராசு ஒண்ணு நகைக்கடையில இருக்கணும், இல்ல மருந்துக்கடையில இருக்கணும். இவ்ளோ சொன்னவன், தண்ணி தூள் மேல எப்பிடி வுழுவுதுன்னு ஒரு வார்த்த சொல்லல பாரு, அங்கதான் தாத்தனுக்கு மூக்கு வேர்த்துச்சி. கோப்பையில மொத முழுங்கு புளிப்பு, ரெண்டாவது முழுங்கு கசப்பு. ஒடனே நீ கொட்டைய வஞ்ச, வறுத்தவன வஞ்ச, நம்மூருத் தண்ணிய வஞ்ச, கடைசியா வோல்டேஜையும் வஞ்ச. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கூடத்த நான் பாத்துட்டன்டா, நேராத்தான் இருக்குது.

எப்பப் பாத்தன்னு கேக்கறியா? நீ பத்து மணி வரைக்கும் தூங்கற பாரு, அந்த நேரத்துலதான். ஆயில் எஞ்சின் காலத்துலருந்து கூகையூரு, சின்னசேலம் வரைக்கும் போயி பிஸ்டனும் வாசரும் மாத்தினவன் நான். வூட்டுக்குள்ளயே ஒரு பிஸ்டன் வந்து ஒக்காந்துகிட்டு இருந்தா கை சும்மா இருக்குமா? கைப்பிடிக் கரண்டியக் கழட்டி வச்சிட்டு, செரைக்கிற கண்ணாடிய அடியில நீட்டி டார்ச்சு அடிச்சிப் பாத்தன். வெள்ளையா ஒரு வட்டத் தட்டு, வட்டம் வட்டமாப் பொடி ஓட்டை. பாதிக்கு மேல சுத்தம். ஒரு ஓரத்துல மட்டும் பொறை நெலா அளவுக்குக் கருப்பா மொறுமொறுன்னு பத்திக் கெடக்குது. நகத்தால சொரண்டனன், பழைய காபி எண்ணெ. அந்தப் பக்கம் ஒரு ஓட்டகூடத் தொறந்து இல்ல. அப்பறம் நேத்து நீ தட்டிக் கொட்டின சக்கைய எடுத்துப் பாத்தன். அடைச்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஓரத்துல ஊசி நொழையற மாதிரி ஒரு பொத்தல். திருடன் வந்த வழியும் போன வழியும் தெரிஞ்சிபோச்சி.

இந்தத் தட்டத்தான் நீங்க ஷவர் ஸ்கிரீன்னு சொல்றீங்க. சொல்லிக்கோ. நான் ஓட்டைத் தட்டுன்னே சொல்றன்.

கொஞ்சம் பழங்கதை கேளு. டூரின் பட்டணத்து ஆஞ்சலோ மொரியோண்டோ 1884ல காபிக்குன்னு ஒரு நீராவி மெஷினு பண்ணிக் காப்புரிமை வாங்கினாரு. 1901ல மிலான்காரரு லூயிஜி பெசேரா அதத் திருத்தினாரு. 1905லருந்து பவோனி கம்பெனி அத வரிசையாச் செஞ்சி வித்துது. இதெல்லாம் கொதிக்கிற ஆவியே தண்ணியத் தள்ளற மெஷினு. பாருன்னு ஒரு அழுத்தக் கணக்கு இருக்குது, அதுல ஆவிக்குத் தெம்பு ஒண்ணரை பாருக்குப் பக்கம்தான். அழுத்தத்தக் கூட்டணும்னா சூட்டையும் கூட்டணும், சூடு கூடினா தூளு கருவிப் போவும். அந்தக் கண்ணியில இருந்து தப்பிச்சவரு மிலான்ல காபிக்கடை வச்சிருந்த ஆச்சிலே காஜியா. 1938ல மொதக் காப்புரிமை, 1947ல கோலும் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் வச்ச ஏற்பாடு, 1948ல மெஷினே கடைக்கு வந்துடுச்சி. சூடு ஒரு பக்கம், அழுத்தம் ஒரு பக்கம்னு ரெண்டையும் பிரிச்சாரு. காபி மேல அந்தப் பழுப்பு நொரை நின்னது அதுக்கப்பறந்தான். 1961ல ஃபேமாவோட இ61 வந்து, கோலத் தூக்கிப் போட்டுட்டு பம்பு வச்சிட்டான். அதே 1961லதான் பவோனிக்காரன் வூட்டுக்குன்னு யூரோபிக்கோலான்னு சின்னக் கோல் மெஷின வுட்டான். உன்னுது அந்த வம்சம்.

இப்ப விஷயத்துக்கு வரன். பம்பு மெஷினப் பாத்தியானா, தண்ணி நடுவுல மேலருந்து எறங்கும். எறங்கின ஒடனே ஒரு பித்தளைக் கட்டையில மோதி நாலாப் பக்கமும் பிரியும். அதுக்குக் கீழதான் ஓட்டைத் தட்டு, நடுவுல திருகாணி போட்டு இறுக்கி இருக்கும். அதாவது தட்டுக்கு மேல ஒருத்தன் பாதி வேலைய முடிச்சித் தரான். கோல் மெஷின்ல அந்தக் கட்டைய எங்க வைப்ப? அந்த எடத்துலதான் பிஸ்டன் நிக்கிதே! மேலயும் கீழயும் போயி வர பிஸ்டனுக்கு அடியில எதையும் மாட்ட முடியாது. அதனால தண்ணி பக்கவாட்டுல, சிலிண்டரு சுவத்துல இருக்கிற ஓட்டை வழியா வருது. கோல அசைச்சி பிஸ்டன் மேல ஏறி அந்த ஓட்டையத் தாண்டின ஒடனே தண்ணி உள்ள பாயும். தூளுக்கும் அந்தப் பாய்ச்சலுக்கும் நடுவுல யாரு இருக்கான்னா, திருகாணிகூட இல்லாம ரப்பரு வளையத்துல சும்மா செருவி வச்ச அந்தத் தகடு ஒண்ணுதான். பம்பு மெஷின்ல தட்டு ஒத்தாசைக்கு இருக்கிறவன். உன் மெஷின்ல அவன்தான் எல்லாம். அவனைப் போயி நீ ஒரு நாளும் குனிஞ்சி பாக்கல.

நம்ம கொல்லையில மல்லாட்டைக்குத் தண்ணி பாய்ச்சறப்ப மோட்டாருத் தண்ணி வுழற எடத்துல உங்க அப்பன் தென்னமட்டையப் போடுவானே, ஏன்? போடலன்னா தண்ணி வுழுந்த எடத்துல குழி பறிச்சிடும். பறிச்ச குழி வழியா ஒரே கோடாக் கரைஞ்சி ஓடும். வாயோரப் பாத்தி அழுவும், கடைப் பாத்தி காயும். மோட்டாரு அஞ்சா, ஏழரையான்னு பேசறவன் அந்த மட்டையப் பத்திப் பேச மாட்டான், மகசூல் கொறைஞ்சா மட்டும் வெதைக்காரன்கிட்ட சண்டைக்குப் போவான். ஓட்டைத் தட்டுன்னா அந்த மட்டைதான்டா. தண்ணியோட வேகத்த வாங்கிக்கினு, பொறுமையா எல்லா எடத்துக்கும் பிரிச்சிக் குடுக்கிற வேலை.

நீ இஞ்சினீரு ஆச்சே, ஒடனே பாஸ்கல் பேரச் சொல்லி என்னை மடக்குவ. மூடின எடத்துல தண்ணி நெரம்பிட்டா எல்லாப் பக்கமும் சமமாத்தானே அமுக்கும், அப்பறம் தட்டு எப்பிடி இருந்தா என்னான்னு. நல்ல கேள்வி. நெரம்பினப்பறம் நீ சொல்றது சரி. தட்டுக்கும் தூளுக்கும் நடுவுல தண்ணி நெரம்பி, பிஸ்டன் அமுக்க ஆரம்பிச்சிட்டா தட்டுக்குப் பெருசா வேலை இல்ல. ஆனா நெரம்பறதுக்கு முன்ன? பாயிலருல இருக்கிற ஒரு பாரு, அதுக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன அழுத்தத்துலதான் தண்ணி மொதல்ல எறங்குது. உள்ள காத்து இருக்குது, தூளு காஞ்சி கெடக்குது. அந்த மொத சில நொடியில தண்ணி எங்க வுழுந்துச்சோ, அந்த எடம் மொதல்ல நனைஞ்சி எளகிடும். தட்டு சரியா இருந்தா மேல்பரப்பு முழுக்க ஒண்ணா நனைஞ்சி, ஒண்ணா உப்பி, பிடிச்சிக்கும். தட்டுல ஒரு பக்கம் அடைச்சிருந்தா எதிர்ப்பக்கத்து ஓட்டை வழியா ஒழுகல் சாஸ்தியாவி அங்க குழி வுழும். அப்பறம் காபிக்கு வேண்டிய ஒம்போது பாரு வந்து அமுக்கறப்ப அது பாஸ்கல் சொன்னபடி சமமாத்தான் அமுக்கும். ஆனா தண்ணி சமமா எறங்காது, குழி இருக்கிற பக்கம் பிச்சிக்கினு ஓடும். தப்பு நடந்தது ஒரு பாருல, பழி மட்டும் ஒம்போது பாரு மேல.

ஒம்போது பாருன்னா எவ்ளோன்னு தெரியுமா? ஒரு பாருக்குப் பத்து மீட்டரு தண்ணி ஒசரம்னு கணக்கு. ஒம்போதுக்குத் தொண்ணூறு மீட்டரு, அதாவது 300 அடிக்குக் கொஞ்சம் கம்மி. கச்சிராயபாளையத்துக்கு மேல இருக்கிற கோமுகி அணையோட முழுக் கொள்ளளவு ஒசரமே 46 அடி. ஆறு அணைய அடுக்கி வச்சாலும் பத்தாது. அந்தத் தண்ணி முழுக்க உன்னோட 51 மில்லிமீட்டரு வட்டத்து மேல நிக்கிதுன்னு வச்சிக்கோ, கிட்டத்தட்ட 187 கிலோ பாரம். கடையில இருக்கிற 58 மில்லிமீட்டரு மெஷினுன்னா 240 கிலோ, மூணு நெல்லு மூட்டைக்கு மேல. ஸ்பிரிங்கு வச்ச கோல் மெஷின்ல இது கடைசி வரைக்கும் நிக்காது. ஸ்பிரிங்கு வுட்ட ஒடனே எகிறி, அது நீள நீளத் தானா எறங்கிக்கினே வரும். கடைசியில மெதுவா எறங்கறதாலதான் கசப்பு கட்டுக்குள்ள இருக்குதுன்னு கோல்காரனுவ பெருமை அடிச்சிக்கறானுவ, நாயந்தான். ஆனா 187 கிலோ, ஒரு ஊசிப் பொத்தலக் கண்டா வுடுமா?

புளிப்பும் கசப்பும் ஒரே கோப்பையில எப்பிடி வந்துச்சின்னு இப்பப் புரியும். காபித் தூளுல கரையக் கூடியதே நூத்துக்கு முப்பது பாகந்தான், மிச்சம் மரம். அந்த முப்பதையும் புழிஞ்சிடக் கூடாது. 18லருந்து 22 வரைக்கும் எடுத்தா வாய்க்கு நல்லதுன்னு அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில இருந்த எர்னெஸ்ட் லாக்ஹார்ட்டு 1950கள்லயே கணக்குப் போட்டு வச்சிட்டாரு. நீ போடற 14 கிராமுல மூணு கிராம்கூட முழுசாக் கோப்பைக்கு வராது. மொதல்ல கரையறது புளிப்பு, அப்பறம் இனிப்பு, கடைசியிலதான் கசப்பு. தண்ணி ஓடின பொத்தலச் சுத்தி இருக்கிற தூளு எலும்பு வரைக்கும் ஒறிஞ்சி கசந்துபோவும். மத்தப் பக்கத்துத் தூளு சரியா நனையாம, புளிப்ப மட்டும் குடுத்துட்டு ஒதுங்கிக்கும். சராசரி பாத்தா 20 சதம்னுதான் வரும், நாக்கு காறித் துப்பும். சராசரி பாத்து ஆத்துல எறங்கினவன் கதைதான் தெரியுமே.

தட்டுல நெறைய தினுசு இருக்குதுடா. சும்மா தகட்டுல ஓட்டை குத்தினது ஒண்ணு. அந்தத் தகட்டுக்கு அடியில நெய்த வலைய ஒட்டினது இன்னொண்ணு. இத்தாலியில ஐ.எம்.எஸ்.னு ஒரு கம்பெனி, 35 மைக்ரான் வலையெல்லாம் போட்டு விக்கிறான், தலைமுடி மொத்தத்துல பாதி. ஓட்டை பெருசா, கொஞ்சமா இருந்தா ஒவ்வொண்ணும் தனித்தனியா ஒழுகி, தூளு மேல புள்ளி புள்ளியாக் குத்தும். பொடியா, நெருக்கமா இருந்தா தண்ணி ஒரு விரிப்பா எறங்கும். அப்ப வலைதான் ஒசத்தின்னு ஓடாத. வலை எவ்ளோ பொடியோ, எண்ணெயும் தூசும் அவ்ளோ சீக்கிரம் அடைக்கும். காலையில ஒரு காபி போட்டுட்டு அப்பிடியே வுட்டுட்டு ஆபீசுக்கு ஓடற ஆளுக்கு, அந்த வலை ஒரு மாசத்துல பழைய தகட்டவிட மோசமாப் போவும். உன் சொபாவம் தெரிஞ்சிதான் சொல்றன். ஓட்டைத் தகடே உனக்குப் போதும்.

தட்டுக்கும் தூளுக்கும் நடுவுல வுடற எடம் தனிக் கணக்கு. காசு குடுத்து வாங்கின கொட்டைன்னு ஆசையில அள்ளிப் போட்டு நெரப்பற. நனைஞ்ச தூளு உப்பும், உப்பி தட்டுல மோதும். மோதினா தண்ணி பக்கவாட்டுல பரவ எடம் இருக்காது, ஒவ்வொரு ஓட்டையும் நேரா அதுக்குக் கீழ மட்டும் தொளைக்கும். சக்கை மேல தட்டோட புள்ளி அச்சு வுழுந்திருந்தா அதுதான் சங்கதி. சரின்னு தூளக் கொறைச்சி எடத்தப் பெருசா வுட்டா? பம்பு மெஷினுக்குத் தண்ணி வந்துக்கினே இருக்கும், அவனுக்குக் கவலை இல்ல. உன் பிஸ்டனுக்கு அடியில ஒரு இழுப்புக்குப் பிடிக்கிற தண்ணி அளவானது. 51 மில்லிமீட்டரு வட்டத்துல அஞ்சி மில்லிமீட்டரு எடம் சும்மா கெடந்தா அதுவே பத்து மில்லி முழுங்கிடும். 30 மில்லி காபிக்குப் பத்து மில்லி போச்சின்னா கோப்பையில என்னா மிஞ்சும்? ஒரு ரூவாக் காச அமுக்கின தூளு மேல வையி, கரண்டிய மாட்டு, கழட்டிப் பாரு. காசு தூளுல பதிஞ்சிருந்தா எடம் போதல. லேசாத் தொட்டும் தொடாம இருந்தா சரி. காச எடுத்துட்டு காபி போடு, அதையும் நான்தான் சொல்லணும்.

கோப்பை கொறைஞ்சிபோச்சின்னு கோல ரெண்டாந்தரம் இழுக்கற பாரு, அதப் பாத்தப்பத்தான் எனக்கு நெஞ்சு பதறிச்சி. மோட்டாருக்காரன் நெஞ்சு. பிஸ்டன் மேல போவுது, ஆனா தண்ணி ஓட்டைய அது தாண்டற வரைக்கும் உள்ள எதுவும் வராது. வெறும் உறிஞ்சல். கீழ நனைஞ்ச சக்கைதான் இருக்குது. அது மேல எழும்பி வெடிச்சி, கலங்கின தூளு தட்டு ஓட்டை வழியாப் பிஸ்டன் பக்கம் ஏறும். தட்டு நல்லதா இருந்தா பாதியத் தடுக்கும். பெரிய ஓட்டைன்னா மணலு மணலா உள்ள போயி பிஸ்டன் ரப்பர அறுக்கும். அப்பறம் அழுத்தம் நிக்கல, ஓரத்துல ஒழுவுதுன்னு வருவ. முடிஞ்ச ஒடனே அவசரத்துல கரண்டியக் கழட்டி மூஞ்சியில சூடா வாங்கிக்கினியே, அதுவும் உள்ள மிஞ்சின அழுத்தந்தான். பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொன்னவன் கோல் மெஷின்ல காபி போட்டவனாத்தான் இருப்பான்.

கழுவற கதையிலயும் உன் மெஷினு தனி ஜாதி. பம்பு மெஷினுக்காரன் ஓட்டை இல்லாத கரண்டிய மாட்டி, சோப்புத்தூளு போட்டு, பம்ப ஓட்டிப் பின்னால அலசி வுட்டுடுவான். அதுக்கு ஒரு வால்வு இருக்குது. கோல் மெஷின்ல அந்த வழி இல்ல, அழுத்தற சோப்பு பிஸ்டன் ரப்பருக்குத் தடவின பசையக் கரைச்சிட்டுப் போவும். தட்டக் கையால கழட்டித்தான் ஆவணும். மெஷினு ஆறட்டும். ரப்பரு வளையத்தக் கீறாம, மொன்னையா எதையாவது வச்சி நெம்பினா தட்டு வந்துடும். காபி எண்ணெ போக்கறதுக்குன்னே தூளு விக்கிது, அதக் கொதிதண்ணியில கரைச்சி ஊறப் போடு. பழைய பல்லு தொலக்கற பிரஷ்ல தேயி. வலைத் தட்டுன்னா ஊசிய மட்டும் வுட்டுக் குத்தாத, ஒரு கண்ணு கிழிஞ்சா அதுதான் அடுத்த பொத்தலுக்கு வாசப்படி. வெய்யிலுக்கு நேராப் புடிச்சிப் பாரு. எல்லாக் கண்ணுலயும் வெளிச்சம் வரணும். தெனத்துக்கு இவ்ளோ வேணாம், காபி போட்டு முடிச்சதும் ஒரு முழுங்கு சுடுதண்ணிய வெறுமனே எறக்கி, ஈரத்துணியால தொடைச்சி வுட்டாப் போதும். மாப்பிள்ளைக்குச் செய்யற மரியாதைய தட்டுக்குச் செய்.

உனக்கு இன்னொண்ணு தெரியணும். உங்க ஆயா சேலத்துல பொறந்தவ. கல்வராயன் மலைக்கு மேற்க சேர்வராயன் மலை, அங்க ஏற்காட்டுல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் தொரை 1820கள்ல காபி நட்டாருன்னு சொல்லுவாங்க. அந்த மலைக்கு அடியில பொறந்தவளுக்குக் காபி ஒரு கௌரவம். கல்யாணத்துக்குப் பித்தளைப் பில்டரோடதான் வந்தா. நம்ம ஊரு அப்ப கூழும் டீத்தண்ணியுமாக் கெடந்துச்சி, அவ பில்டரப் பாத்து எங்க அம்மா மூக்குல வெரல வச்சா. அந்தப் பில்டருல மேல் பாத்திரத்துக்குள்ள காம்பு வச்ச ஓட்டைத் தட்டு ஒண்ணு இருக்குதே, குடை, அத நீ பாத்திருப்ப. தூளப் போட்டு, குடையால லேசா அமுக்கி, குடைய எடுக்காமலே அது மேல கொதிதண்ணிய ஊத்துவா. ஊத்தறதும் அவசரமா இல்ல, குடை நடுவுல சுத்திச் சுத்தி ஊத்துவா. இங்க ஒம்போது பாரும் இல்ல, ஒரு பாரும் இல்ல. ரெண்டு அங்குலத் தண்ணியோட கனம், அவ்ளோதான். அதுல எறங்கற டிகாக்ஷன் எப்பிடி இருக்கும்னு உனக்கே தெரியும், அதக் குடிச்சி வளந்தவந்தான நீ.

சென்னையில உங்க சித்தி என்னா பண்றா? குடை எதுக்கு எடஞ்சலுன்னு பரண்ல போட்டுட்டு, தூளு மேல நேரா கெட்டிலக் கவுக்கறா. தூளு ஒரு பக்கம் குழிஞ்சி, ஓரத்து வழியாத் தண்ணி சரசரன்னு எறங்கிடுது. டிகாக்ஷன் தண்ணியா இருக்குது, அப்பறம் சிக்கரிய ஏத்திக்கறா. காபி, சிக்கரிக் கலவைன்னா காபி நூத்துக்கு 51க்குக் கொறையக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது, 49 வரைக்கும் சிக்கரி போட்டுக்கலாம். நெறத்துக்கு சிக்கரி போதும், குடை பண்ற வேலைய அது பண்ணாது. இடைச்செருகலா ஒண்ணு: அந்த சிக்கரித் தூள எடுத்து உன் மெஷின்ல போட்டுப் பாக்கற ஆசை இருந்தா அடக்கிக்கோ. பில்டரு அரைப்பு அதுக்குப் பருசு, சிக்கரியோட பிசுக்கு உன் தட்டுக்கு எமன்.

இதுல பெரிய வேடிக்கை என்னான்னா, உங்க உலகமே சுத்திச் சுத்திக் குடைக்கே வந்து சேந்துடுச்சி. ஹாங்காங்குக் கம்பெனியோட கேஃபலாட் ரோபோன்னு ஒரு கை மெஷினு, ரெண்டு கையையும் அமுக்கினா காபி. அதுல தட்டு மெஷின்ல இல்ல, தூளு மேலயே வச்சிக்கணும். ஃப்ளேருன்னு இன்னொண்ணு, அதுலயும் தட்டக் கரண்டி மேல வச்சிக்கணும். உன்ன மாதிரி மெஷின் வச்சிருக்கிறவனுவ தூளு மேல போடறதுக்குன்னே ஒண்ணரை மில்லிமீட்டரு, ரெண்டு மில்லிமீட்டரு மொத்தத்துல வலைத் தட்டு தனியா வாங்கிப் போடறானுவ. ஆயாவோட குடைக்குக் காம்ப வெட்டிட்டு, டாலருல வெல வச்சி வித்தா கைகட்டி வாங்கறீங்க. அத வாங்காதன்னு நான் சொல்ல மாட்டன். நல்ல சாமான்தான், குழி பறிக்காமத் தடுக்கும், மேல் தட்டும் கொஞ்சம் சுத்தமா இருக்கும். ஆனா அது மொத்தத்துக்கு ஏத்தாப்புல தூளக் கொறைச்சிக்கோ, இல்லன்னா காசு வச்சிப் பாத்த எடம் கணக்கு கெட்டுப்போவும். மேல தட்டு அடைச்சிக் கெடக்கறப்ப கீழ இத வாங்கிப் போடறது வைத்தியம் இல்ல, போர்வை.

கல்யாண மண்டபத்துல புஸ்ஸுன்னு ஆவி வுட்டு, மேல சாக்லேட்டுத் தூளு தூவிக் குடுக்கறானே, எஸ்பிரஸோன்னு, அத நீ கேலி பண்ணுவ. அதுல தட்டே இல்ல, தூளுப் படுகையே இல்ல, கரையற பவுடரு, பால், ஆவி. அதனாலதான் அது எல்லா மண்டபத்துலயும் ஒரே மாதிரி இருக்குது. அதக் கேலி பண்ற தகுதி உனக்கு வரணும்னா, தெனமும் உன் காபி ஒரே மாதிரி வரணும். மொதல்ல அத வரவழைச்சிக் காட்டு.

நீ மெஷின வித்துட்டு பம்பு மெஷினு வாங்கலாமான்னு யோசிக்கறதா உங்க அம்மா சொன்னா. யானைய வாங்கிட்டு அங்குசம் தேடறவன், அங்குசம் கெடைக்கலன்னு குதிரை வாங்கப் போனானாம். வேணாம்டா. மெஷினு நல்ல மெஷினு, பிஸ்டன் சுத்தம், நான் கை வச்சிப் பாத்துட்டன். தட்டுக் கெட்டுப்போயிருக்குது, ரப்பரு வளையம் காஞ்சி கெடக்குது. ரெண்டையும் மாத்து. தட்டு தனியாவே விக்கிது. வாங்கறப்ப அளவு பாத்து வாங்கு: 2000க்கு முந்தின பவோனிக்கு 49 மில்லிமீட்டரு கரண்டி, அதுக்கப்பறம் வந்ததுக்கு 51. ஒண்ணுக்கு இன்னொண்ணு சேராது.